மூக்கில் ஆறாமல் இருக்கும் சிறு புண் தோல் புற்றுநோயாக இருக்குமா? வராமல் தடுக்க முடியுமா?

இருக்கலாம். என் அப்பாவுக்கு அப்படித்தான் தொடங்கியது. மூக்கோரத்தில் மிளகளவு ஒரு பரு. வலி இல்லை, அரிப்பு இல்லை. முகம் துடைத்தால் துண்டில் பொட்டளவு ரத்தம். நாலு நாளில் பொருக்குத் தட்டி ஆறிவிடும், அப்புறம் அதே இடத்தில் மறுபடியும். "ஷேவ் பண்ணும்போது பிளேடு பட்டிருக்கும்" என்று ஏழெட்டு மாதம் ஓட்டினார். நாங்களும் நம்பினோம். ஆறிப்போன புண்ணை டாக்டரிடம் யார் காட்டுவார்கள்?

ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓரம் முத்து மாதிரி மினுங்கியது, மேலே நூலிழை போலச் சிவப்பு ரத்தக்குழாய்கள். பயாப்ஸியில், அதாவது சிறு துண்டு எடுத்துச் சோதித்ததில், பேசல் செல் கார்சினோமா என்று வந்தது.

தோல் புற்றுநோய்களில் அதிகம் வருவது இதுதான். மேல்தோலின் அடி அடுக்கில் உள்ள செல்களில், பல வருட வெயிலின் புற ஊதாக் கதிர்கள் டிஎன்ஏவைக் கெடுப்பதால் பெரும்பாலும் வருகிறது. முகம், காது, கழுத்தில்தான் அதிகம். மாநிறம், கறுப்புத் தோலில் கரும்புள்ளியாக வந்து மச்சம் என்று ஏமாற்றுவதும் உண்டு. மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அபூர்வம். அதற்காக விட்டுவைத்தால் மூக்கின் குருத்தெலும்பு வரை அரித்துக்கொண்டு போகும்.

அப்பாவுக்கு மோஸ் முறையில் எடுத்தார்கள். ஃப்ரெடெரிக் மோஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1930களில் உருவாக்கியது. மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய அடுக்காக வெட்டி, உடனே மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஓரத்தில் புற்று செல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு அடுக்கு. அப்பாவுக்கு இரண்டாவது அடுக்கிலேயே முடிந்தது.

முழுக்கத் தடுக்க முடியாது, வாய்ப்பைக் குறைக்கலாம். உச்சி வெயிலைத் தவிருங்கள். புற ஊதாக் கதிரின் வலுவைச் சொல்லும் எண்ணான யூவி இன்டெக்ஸ் 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை. சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி வேண்டும், கிரிக்கெட் தொப்பி காதை மறைக்காது. எஸ்பிஎஃப் (வெயிலில் இருந்து காக்கும் அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைத் தாராளமாகப் பூசி, வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். மேகமூட்டத்தை நம்ப வேண்டாம்.

சரி, உங்கள் புண் 4 வாரத்தில் ஆறாவிட்டாலோ, ஆறி ஆறித் திரும்ப வந்தாலோ தோல் டாக்டரிடம் காட்டுங்கள். பொருக்கு உதிரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்பா அப்படித்தான் காத்திருந்தார்.