ஆட்டு ரோமம் கத்தரிப்பதில் ‘இரட்டை வெட்டு’ ஏன் கூடாது?

செம்மறி ரோமத்தைத் தோலை ஒட்டி ஒரே ஓட்டத்தில் எடுக்காமல், பாதி உயரத்தில் வெட்டிவிட்டு அதே இடத்தில் மறுபடி கத்தரி வைப்பதுதான் இரட்டை வெட்டு. இழை இரண்டு துண்டாகிவிடும். துண்டு நாரில் கயிறு திரித்தால் நிற்காதே, கம்பளி நூலும் அப்படித்தான்.

கோளாறு பெரும்பாலும் இடது கையில். தோலை இழுத்துப் பிடிக்காவிட்டால் மடிப்பு விழும், கத்தரி மேலேறும். தொடையிடுக்கு, மடிப் பக்கத்தில் தோலே கிழியும். விட்டுப்போன முடியை விட்டுவிடுங்கள், அழகு பார்க்க வேண்டாம். முந்தின இரவே தீனியை நிறுத்துங்கள். வயிறு நிறைந்த ஆட்டைப் புரட்டினால் மூச்சு முட்டித் திமிறும். ஈர ரோமத்தை மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

எல்லாச் செம்மறிக்கும் கத்தரிப்பு வேண்டும் என்று நினைக்கிறார்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கம் மெட்ராஸ் சிவப்பு இனச் செம்மறி வளர்ப்பவர்களுக்குக் கத்தரி வேலையே இல்லை, அதற்குக் குட்டை முடிதான். ரோமம் வளர்வது திருச்சி கருப்பு, நீலகிரி போன்ற இனங்களுக்கு.