ஸ்பானியத்தில் கேட்டால் மதிப்பெண் மாறுமா?

கேள்வி: மனச்சோர்வையும் பதற்றத்தையும் அளக்கும் ஆங்கிலச் சுயமதிப்பீட்டு வினாத்தாள் ஒன்றை இருவர் ஸ்பானியத்தில் மொழிபெயர்க்கிறார்கள். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருகிறார். இரண்டு ஆங்கிலப் பிரதிகளும் ஒத்துப்போகின்றன. அதன் பிறகும் நூற்றுக்கணக்கானவர்களிடம் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்கிறார் என் வழிகாட்டி. இது அவசியமா? – உளவியல் ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: அவசியம். உங்கள் வழிகாட்டி சொல்வதே சரி. 1970இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவலான மீள்மொழிபெயர்ப்பு முறை, விடுபட்ட சொல்லையும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட வாக்கியத்தையும் காட்டிக்கொடுக்கும். அந்த அளவில் அது பயனுள்ளது. ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்த மோசமான வாக்கியம்தான் சேதமே இல்லாமல் திரும்பி வரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஜிக்மண்டும் ஸ்நெய்த்தும் 1983இல் வெளியிட்ட, மருத்துவமனை நோயாளிகளுக்கான 14 வினாக்கள் கொண்ட அளவுகோலில், பயத்தை 'வயிற்றில் பட்டாம்பூச்சி' இருப்பது போன்ற உணர்வாக விவரிக்கும் வினா ஒன்று உண்டு. அதை அப்படியே 'மரிபோசாஸ்' என்று ஸ்பானியத்தில் எழுதினால், மீள்மொழிபெயர்ப்பில் பட்டாம்பூச்சி பத்திரமாக வந்து சேரும், மொழிபெயர்ப்பாளர்களும் நிறைவடைவார்கள். ஆனால் ஸ்பானியம் பேசுபவருக்கு வயிற்றில் பட்டாம்பூச்சி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது காதல் வயப்பட்ட கிளர்ச்சி. பதற்றத்தை அளக்க வந்த வினா இனிமையான ஒன்றைக் கேட்டுவிடுகிறது. வயிற்றில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வைக் குறிக்கும் 'ஓர்மிகேயோ' அந்த இடத்தில் பொருந்தக்கூடும். பொருந்துகிறதா என்பதைப் பத்துப் பன்னிரண்டு பேரிடம் வினாவைப் படிக்கக் கொடுத்து, 'இதில் என்ன கேட்கிறார்கள்? உங்கள் சொற்களில் சொல்லுங்கள்' என்று விசாரித்தால்தான் தெரியும். ஆய்வேடுகளில் இரண்டு வரியில் கடந்துபோகப்படும் இந்த வேலைக்கு, என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

ஸ்பானிய இலக்கணமும் தன் பங்குக்குக் குறுக்கிடும். 'நான் பதற்றமாக இருக்கிறேன்' என்பதை அம்மொழியில் இரண்டு வினைச்சொற்களால் சொல்லலாம்: 'சோய்' என்றால் அது இயல்பு, 'எஸ்தோய்' என்றால் அது இப்போதைய நிலை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஸ்பீல்பெர்கரின் பதற்ற அளவுகோலில் இந்த வேற்றுமையே அடிப்படை; இக்கணத்தின் பதற்றத்துக்கு 20 வினாக்களும் இயல்பான பதற்றத்துக்கு 20 வினாக்களும் உள்ளன. மெக்சிகோவின் உளவியலாளர் ரொஹேலியோ தியாஸ்-கெர்ரேரோவுடன் சேர்ந்து அவர் உருவாக்கி 1975இல் வெளிவந்த 'இதாரே' என்னும் ஸ்பானிய வடிவத்துக்கு இந்த இலக்கணம் ஒரு வசதி. அப்படிப் பிரிக்காத வினாத்தாளில் மொழிபெயர்ப்பாளர் எதையாவது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அந்தத் தேர்வு, அளக்கப்படும் பொருளையே மாற்றிவிடலாம்.

இனி எண்களுக்கு வருவோம். பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை அளக்க ஜான் காக்ஸும் உடனிருந்தவர்களும் 1987இல் வெளியிட்ட எடின்பரோ அளவுகோலில் 10 வினாக்கள். மொத்தம் 30 மதிப்பெண். மனச்சோர்வு இருக்கலாம் என்று கருதத் தொடங்கும் எல்லையாக ஆங்கிலத்தில் பரவலாகக் கொள்ளப்படுவது 13. சிலியில் 1995இல் வெளியான சரிபார்ப்பு ஆய்வு 10ஐ எல்லையாகக் கண்டது. ஸ்பெயினில் 1,123 தாய்மாரிடம் நடத்தி 2003இல் வெளியிடப்பட்ட ஆய்வு 11 என்றது. இந்த வேறுபாடு முழுவதும் மொழியால் விளைந்தது என்று சொல்லிவிட முடியாது. யாரிடம், எங்கே, எந்த நோயறி வரையறையை வைத்து ஆய்வு நடந்தது என்பதும் அதில் கலந்திருக்கும். ஆனால் மத்ரித்தில் 11 மதிப்பெண் பெற்ற ஒரு தாயை ஆங்கில எல்லையை வைத்துப் பார்த்தால், 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். வினாத்தாளை நிரப்பியவர்களைத் தனியே நேர்காணல் செய்து, மருத்துவ முடிவோடு மதிப்பெண்ணை ஒப்பிட்ட பிறகே எல்லையை வகுக்க முடியும். மொழிபெயர்ப்பாளர்கள் எவ்வளவு தேர்ந்தவர்களானாலும் அந்த எண்ணை அவர்களால் தர இயலாது.

கேள்வி: ஸ்பெயினில் சரிபார்க்கப்பட்ட வடிவத்தை மெக்சிகோவிலோ அர்ஜென்டினாவிலோ பயன்படுத்தலாம் அல்லவா? மொழி ஒன்றுதானே? – ஒரு வாசகர்

பதில்: 20 நாடுகளின் ஆட்சிமொழி அது, எழுத்துமொழி பெரும்பாலும் ஒன்றாக இருந்தாலும் உணர்ச்சியைச் சொல்லும் சொற்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. 'கொராஹே' என்ற சொல் ஸ்பெயினில் முதன்மையாகத் துணிவைக் குறிக்கும். மெக்சிகோவில் அன்றாடப் பேச்சில் அது கோபம். கோபத்தை அளக்கும் வினாத்தாளில் இந்த ஒரு சொல் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். முன்னிலையில் அழைப்பதிலும் 'தூ', 'உஸ்தேத்', 'போஸ்' என வழக்குகள் பல; பொருந்தாத ஒன்றைத் தேர்ந்தால், அந்தரங்கமான வினாவைக் கேட்பவர் அந்நியராகவோ மரியாதையற்றவராகவோ தோன்றுவார்.

ஆகவே ஸ்பெயின் வடிவத்தை அடித்தளமாகக் கொள்வதில் தவறில்லை. ஆனால் இரு நாட்டாரின் விடைகளிலும் காரணி அமைப்பு, அதாவது எந்தெந்த வினாக்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து நிற்கின்றன என்பது, ஒன்றாக உள்ளதா, ஒரே அளவு மனச்சோர்வு உடைய இருவர் ஒரு வினாவுக்கு ஒரேபோல விடையளிக்கிறார்களா என்று சோதிக்க வேண்டும். இதை அளவீட்டு மாறாமை என்பார்கள். அது நிறுவப்படாத நிலையில் 'மெக்சிகர்களின் சராசரி ஸ்பானியர்களைவிட அதிகம்' என்று எழுதுவது நியாயமன்று.

கேள்வி: எங்கள் ஸ்பானிய வடிவத்துக்கு நம்பகத்தன்மையைக் காட்டும் ஆல்ஃபா குணகம் 0.91 வந்துள்ளது. இதுவே போதிய சான்றாகுமா?

பதில்: ஆகாது. குரோன்பாக் 1951இல் விளக்கிய அந்தக் குணகம், வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துச் செல்கின்றன என்பதைக் காட்டுவது. எதை அளக்கின்றன என்று அது சொல்வதில்லை. ஒரே கேள்வியைச் சொல் மாற்றிப் பலமுறை கேட்டாலும் அது உயரும். எனவே ஒவ்வொரு வினாவையும் தனித்தனியே பாருங்கள், குறிப்பாக எதிர்மறையாக அமைந்தவற்றை. ரோசன்பெர்க்கின் 10 வினா தன்மதிப்பு அளவுகோலில், 'என்மீது எனக்கு இன்னும் மரியாதை இருந்தால் நன்றாயிருக்கும்' என்ற வினாவுக்கு 'ஆம்' என்பது தன்மதிப்புக் குறைவாகக் கணக்கிடப்படுகிறது. தன்னை உயர்த்திக்கொள்ள விரும்புபவரும் 'ஆம்' என்பாரே! மொழி மாறும்போது பிற வினாக்களோடு ஒட்டாமல் விலகி நிற்பதாக அடிக்கடி சுட்டப்படும் வினா இது.

கேள்வி: மொழிபெயர்க்கும் முன் அனுமதி பெற வேண்டுமா?

பதில்: அளவுகோலைப் பொறுத்தது. மனச்சோர்வுக்கான 9 வினாப் பட்டியலை (PHQ-9) படியெடுக்கவும் மொழிபெயர்க்கவும் அனுமதி தேவையில்லை. ஸ்பானிய வடிவங்கள் ஏற்கெனவே இருப்பதால் முதலில் அவற்றைப் பாருங்கள். பெக்கின் மனச்சோர்வு அளவுகோல், ஸ்பீல்பெர்கரின் பதற்ற அளவுகோல் ஆகியவற்றின் உரிமை பதிப்பகங்களிடம் உள்ளது. எழுதிக் கேட்க வேண்டும். மேலும், அந்த 9 வினாக்களில் கடைசி வினா, இறந்துவிடலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. ஆய்வுக்காகத்தான் கொடுத்தோம் என்று அந்தத் தாளை அடுக்கிவைத்துவிடாமல், அன்றே ஒருவர் படித்துப் பார்த்து, தேவைப்பட்டால் அதை நிரப்பியவரிடமே ஸ்பானியத்தில் பேசும் ஏற்பாட்டை ஆய்வு தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள்.