ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: ஃபீஸ் இல்லை, ஆனால் 9 லட்சம் எதற்கு?

கேள்வி: என் மகள் கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியின் பரிமாற்றத் திட்டத்தில் ஏழாவது செமஸ்டரை ஜெர்மனியில் படிக்கத் தேர்வாகியிருக்கிறாள். அக்டோபரில் கிளம்ப வேண்டும். அங்கே ஃபீஸ் கிடையாது என்கிறார்கள். ஆனாலும் 10 லட்சம் வேண்டும் என்று சீனியர் மாணவர்கள் சொல்கிறார்கள். என்னிடம் 7 சதவீத வட்டியில் 5 லட்சம் எஃப்.டி. இருக்கிறது, நவம்பரில் முதிர்வு. நாலு வருட எஸ்.ஐ.பி.யில் சேர்ந்த மியூச்சுவல் ஃபண்ட் 3 லட்சம், சேமிப்புக் கணக்கில் ஒன்றரை லட்சம். மாதம் 25,000 மிச்சம் பிடிக்க முடியும். மைத்துனர் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறார். கல்விக்கடன் வாங்கட்டுமா, நகையை வைக்கட்டுமா?
- ஈரோடு வாசகர்

பதில்: சீனியர்கள் சொன்ன தொகை ஏறக்குறைய சரி. ஆனால் அது முழுவதும் செலவு இல்லை. உங்களுக்குத் தொகையை விடத் தேதிதான் சிக்கல். பெரும்பகுதிப் பணம் ஜூலையிலேயே தேவைப்படும், உங்கள் எஃப்.டி.யோ நவம்பரில்தான் முதிர்கிறது.

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே பிளாக்டு அக்கவுண்டில் (அங்கே தங்கும் செலவை முன்பே போட்டு, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) பணம் போட்டதற்கான சான்று வேண்டும். 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ என்பது கணக்கு. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. யூரோவை 105 ரூபாய் என்று வைத்தால் 6.25 லட்சம். இது மகள் பெயரிலேயே இருக்கும் பணம். அவள் அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக அவளுக்கே வந்துவிடும். வாடகை, சாப்பாடு, மருத்துவ இன்சூரன்ஸ் எல்லாம் இதிலிருந்துதான். சிறிய ஊர் என்றால் மாணவர் விடுதி அறை 300, 350 யூரோவில் கிடைக்கும், 992 போதும். மியூனிக் என்றால் இழுபறிதான்.

இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கும் செலவுகளைத்தான் பலரும் மறக்கிறார்கள். கணக்கு நடத்தும் நிறுவனத்தின் கட்டணம், அனுப்பும் வழியில் பிடிபடும் தொகைக்கான கூடுதல் இருப்பு 100 யூரோ, விசா கட்டணம் 75 யூரோ எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய். போக வர டிக்கெட் 75,000. குளிர்கால உடுப்பு, சில்லறைச் செலவு 25,000. கையில் 1,500 யூரோ, அதாவது 1.58 லட்சம். ஆக மொத்தம் சுமார் 9.15 லட்சம்.

1,500 யூரோ எதற்கு என்று கேட்பீர்கள். பிளாக்டு அக்கவுண்டிலிருந்து முதல் மாதப் பணம் போய் இறங்கிய மறுநாளே வராது. முகவரியை நகராட்சியில் பதிய வேண்டும், அங்கே ஒரு வங்கிக் கணக்கு திறக்க வேண்டும், பிறகுதான் பணம் விடுவிக்கப்படும். இரண்டு முதல் நாலு வாரம் ஆகலாம். அதற்குள் அறை அட்வான்ஸ், முதல் மாத வாடகை, பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டிய செமஸ்டர் பங்களிப்பு ஆகிய மூன்றும் வந்து நிற்கும். ஃபீஸ் இல்லை என்றாலும் இந்தப் பங்களிப்பு உண்டு. ஊரைப் பொறுத்து 100 முதல் 350 யூரோ வரை. பல இடங்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடங்கும்.

மருத்துவ இன்சூரன்ஸிலும் பலர் ஏமாறுகிறார்கள். இங்கே மலிவாக வாங்கும் பயண இன்சூரன்ஸ் விசாவுக்கும் முதல் சில நாட்களுக்கும்தான். பல்கலைக்கழகத்தில் பெயர் பதிய ஜெர்மன் பொது இன்சூரன்ஸ் எடுக்க வேண்டியிருக்கும், மாதம் 140 முதல் 150 யூரோ. அதனால் ஆறு மாதத்துக்கும் பயண பாலிசி எடுத்துக் காசை வீணாக்காதீர்கள்.

இனி பணம் எங்கிருந்து என்று பார்ப்போம். எஃப்.டி.யை உடைக்காதீர்கள். நீங்கள் போட்டது இரண்டு வருட டெபாசிட் என்று வைத்துக்கொள்கிறேன். ஜூலையில் உடைத்தால், கடந்துபோன 20 மாதத்துக்கும் ஒரு சதவீத வட்டி குறையும். 8,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம். மாறாக, அதே வங்கியில் அந்த டெபாசிட்டின் மீது 90 சதவீதம், அதாவது 4.5 லட்சம் கடன் வாங்கலாம். டெபாசிட் வட்டியை விட ஒரு சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். நாலு மாதத்துக்கு உண்மையான கூடுதல் சுமை 1,500 ரூபாய்தான்.

மியூச்சுவல் ஃபண்டில் 2 லட்சத்தை விற்றுவிடுங்கள். இது பங்குச்சந்தை ஃபண்ட் என்றால், முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்கு. அதனால் நீண்டகால லாபம், வருடத்துக்கு 1.25 லட்சம் வரை வரி கிடையாது. மூன்று மாதத்தில் தேவைப்படும் பணத்தைச் சந்தையில் விட்டுவைப்பது எப்படியும் தவறு.

சேமிப்புக் கணக்கில் 50,000 வீட்டு அவசரத்துக்கு இருக்கட்டும், ஒரு லட்சத்தை எடுங்கள். மூன்றும் சேர்ந்து 7.5 லட்சம். ஜூலைத் தேவை 6.56 லட்சம் போக மீதி டிக்கெட்டுக்குச் சரியாகும். செப்டம்பரில் குறையும் 1.65 லட்சத்துக்கு மட்டும் பொதுத்துறை வங்கியில் நகைக்கடன். நவம்பரில் எஃப்.டி. முதிர்ந்ததும் அதன் கடனைக் கழித்தால் ஒரு லட்சத்துச் சொச்சம் கையில் நிற்கும். அதோடு ஜூலையிலிருந்து சேர்த்த மாத மிச்சத்தையும் போட்டு நகையை மீட்டுவிடுங்கள்.

கல்விக்கடன் வேண்டாம். ஒரு செமஸ்டர் பரிமாற்றம் என்பது தனிப் பட்டம் இல்லை என்பதால் கிளையில் தயங்குவார்கள், காகிதம் நகர வாரங்கள் ஆகும். ஏற்கெனவே இந்தப் படிப்புக்குக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும், அதே கிளையில் கூடுதல் தொகை கேட்டுப் பாருங்கள்.

மைத்துனர் விஷயம். அவர் சாதாரணத் தாளில் எழுதித் தரும் கடிதம் செல்லாது. தன் ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்தில் சம்பளச் சான்று காட்டி முறையான பொறுப்பேற்பு உறுதி கொடுத்தால், 6.25 லட்சத்தை முன்கூட்டியே முடக்க வேண்டியதில்லை, மாதாமாதம் அனுப்பலாம். ஆனால் அது சட்டப்படி அவரைக் கட்டும். மகளுக்காக அந்நாட்டு அரசு செலவு செய்ய நேர்ந்தால் அவரிடம் வசூலிக்கும். அந்தப் பொறுப்புக்குக் காலம் 5 வருடம். 1,500 ரூபாய் வட்டியை மிச்சம் பிடிக்க உறவில் இப்படி ஒரு சுமையை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பணம் அனுப்பும்போது வங்கியில் நிரப்பித் தரும் ஏ2 படிவத்தில் நோக்கக் குறியீடு எஸ்0305, கல்விக்கான பயணம். செலவு முழுவதையும் அனுப்புபவரே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் இடையிலுள்ள வங்கி 20 யூரோ பிடித்துக்கொள்ளும். அங்கே தொகை குறைந்து சான்று நின்றுபோகும், விசா தேதியும் கைவிட்டுப் போகும். அதற்காகத்தான் 100 யூரோ கூடுதலாக அனுப்பச் சொன்னேன்; மிஞ்சினால் அது பிறகு மகளிடமே வரும். அன்னியச் செலாவணி மாற்றத்துக்கு ஜி.எஸ்.டி. 6 லட்சத்துக்குச் சுமார் 630 ரூபாய்தான், பயப்பட வேண்டாம். டி.சி.எஸ். (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) ஒரு நிதியாண்டில் ஒரே பான் எண்ணில் 10 லட்சத்தைத் தாண்டினால்தான். இந்த 6.5 லட்சமும் ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றும் கார்டு) ஏற்றும் 1,500 யூரோவும் சேர்ந்தாலும் 10 லட்சத்துக்குள்தான். ஆனால் இதே வருடம் உங்கள் பான் எண்ணில் வேறு வெளிநாட்டுப் பணம் போயிருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

இரண்டு விஷயங்களை இங்கேயே கல்லூரியில் எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, அந்த செமஸ்டருக்கு ஹாஸ்டல், மெஸ் கட்டணம் கிடையாது என்பது. கல்லூரிக் கட்டணம் எப்படியும் கட்ட வேண்டும், அதனால்தான் அங்கே ஃபீஸ் இல்லை. இரண்டு, அங்கே எடுக்கும் ஒவ்வொரு பாடமும் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்பது. ஜெர்மன் குளிர்கால செமஸ்டர் மார்ச் 31 வரை, தேர்வுகள் பிப்ரவரியில் வரும். இங்கே எட்டாவது செமஸ்டர் அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஈடு ஒத்துக்கொள்ளாத ஒரு பாடம் அரியராக நின்றால், அதன் விலை மேலே சொன்ன எல்லா வட்டியையும் விடப் பெரிது. கேம்பஸ் இன்டர்வியூ நடக்கும் மாதங்களையும் இதோடு கேட்டுவிடுங்கள்.

திரும்பும்போது மகள் அங்குள்ள வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூட வேண்டாம். அறை அட்வான்ஸ் காலி செய்த அன்றே வராது, சில வாரம் கழித்து அந்தக் கணக்கில்தான் விழும். ஆறு மாதம் முடியும் முன்பே கிளம்பினால், முகவரிப் பதிவை ரத்து செய்த சான்றை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பிளாக்டு அக்கவுண்டில் மீதமிருக்கும் தொகையை மீட்க அதைக் கேட்பார்கள்.