கேள்வி – பதில்: குவாத்தமாலாவில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

இம்மாதம் பெங்களூர் வாசகர்களிடமிருந்து வந்த பயணக் கடிதங்கள் பலவும் நடு அமெரிக்காவைப் பற்றியே கேட்டிருப்பதால், இந்தப் பகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்படுகிறது.

ஹூஸ்டனில் வேலை பார்க்கும் மகனிடம் போகிறோம். அங்கிருந்து இரண்டு வாரத்தில் நடு அமெரிக்காவின் ஏழு நாடுகளையும் பார்த்துவிட முடியுமா? நாங்கள் இருவரும் 60 வயதைக் கடந்தவர்கள்.
– ஒயிட்ஃபீல்டு தம்பதியர்

ஏழு நாட்டு விமான நிலையங்களையும் குடிநுழைவு வரிசைகளையும் பார்த்தால் போதும் என்றால் முடியும். அப்படியில்லை என்றால், ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, அதிலும் மூன்று இடங்களோடு நிறுத்திக்கொள்வதே உடம்புக்கும் மனத்துக்கும் நல்லது. என்னைக் கேட்டால் குவாத்தமாலாவைச் சொல்வேன். ஹூஸ்டனிலிருந்து அதன் தலைநகருக்கு நேரடி விமானமும் இருக்கிறது. 1,08,889 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்நாடு தமிழ்நாட்டைவிடச் சிறியதுதான். ஆனால் எரிமலைகளையும் பள்ளத்தாக்குகளையும் சுற்றிச் சுற்றிப் போகும் அதன் சாலைகளில், வரைபடத்தில் விரற்கடையாகத் தெரியும் தொலைவுகூட அரைநாளை விழுங்கிவிடும்.

முதலில் ஆன்டிகுவா. ஸ்பானிய ஆட்சியில் தலைநகராக இருந்த இந்த ஊர் 1773ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் நொறுங்கியதால், மூன்று ஆண்டுகளுக்குப் பின் தலைநகரம் இன்றைய குவாத்தமாலா நகருக்கு மாற்றப்பட்டது. கைவிட்டுப் போன தேவாலயங்களும் கன்னிமாடங்களும் இடிபாடுகளாகவே நின்றுவிட, 1979இல் யுனெஸ்கோ அவ்வூரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தெருக்களில் உருண்டைக் கற்கள் பாவியிருப்பதால், மூட்டுவலி உள்ளவர்கள் நல்ல அடிப்பாகம் கொண்ட காலணி இல்லாமல் அங்கே இறங்க வேண்டாம்.

இரண்டாவது அதித்லான் ஏரி. ஏறத்தாழ 80,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பெருவெடிப்பில் எரிமலை உள்வாங்கி உண்டான பள்ளத்தில், 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் நீர் தேங்கி நிற்கிறது. தென்கரையில் சான் பெத்ரோ, தொலிமான், அதித்லான் என்று மூன்று எரிமலைகள். பனஹாச்செல் துறையிலிருந்து பொதுப் படகில் ஏறிக் கரையோர ஊர்களுக்குப் போகலாம். நண்பகலுக்குப் பின் எழும் ‘ஷோக்கோமில்’ என்னும் காற்றில் படகு தூக்கித் தூக்கிப் போடும் என்பதால், முதுகுவலிக்காரர்கள் காலையிலேயே போய்த் திரும்பிவிடுவது நல்லது. மூன்றாவது திக்கால் என்னும் பழைய மாயா நகரத்தின் இடிபாடுகள், அதைப் பற்றி இன்னொரு வாசகரும் கேட்டிருப்பதால் அங்கே விரிவாகச் சொல்கிறேன். தலைநகரிலிருந்து திக்காலுக்கு அருகிலுள்ள புளோரெஸ் ஊருக்குச் சிறு விமானத்தில் ஒரு மணி நேரப் பயணம். இரவுப் பேருந்தும் ஓடுகிறது, உங்கள் வயதில் அது வேண்டாம்.

இந்த மூன்றில் நான் சேர்க்காமல் விட்ட இடம் செமுக் சாம்பே. அங்கே கஹபோன் ஆறு ஓர் இயற்கைச் சுண்ணாம்புக்கல் பாலத்துக்கு அடியில் புகுந்து ஓட, பாலத்தின் மேல் பச்சைநிறக் குளங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அழகான இடம்தான்; ஆனால் போகும் பாதையின் கடைசிப் பகுதி எலும்பைக் கழற்றிவிடும். உங்கள் மகன் தன் நண்பர்களோடு தனியாகப் போய்வரட்டும்.

மாயா இனத்தவர் தங்கள் நகரங்களை விட்டுவிட்டு மர்மமாக மறைந்துபோனதாகப் படித்திருக்கிறேன். அந்த அழிந்த நாகரிகத்தின் சின்னங்களில் எதைத் தவறாமல் பார்க்க வேண்டும்?
– மல்லேஸ்வரம் வாசகர்

அவர்கள் மறையவில்லை. நீங்கள் ஆன்டிகுவாவில் பழம் வாங்கும் அம்மாவும், ஏரியில் படகு ஓட்டும் இளைஞரும் பெரும்பாலும் மாயாக்களாகவே இருப்பார்கள். 2018ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டினரில் ஐந்தில் இருவருக்கு மேல் தங்களை மாயா என்று பதிவு செய்திருக்கிறார்கள். கிச்சே, கக்ச்சிக்கேல், மாம், கெக்ச்சி முதலாக 22 மாயா மொழிகள் அங்கே புழக்கத்தில் உள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டில் வீழ்ந்தவை வடக்குத் தாழ்நிலத்தின் அரச நகரங்கள். நீண்ட வறட்சி, ஓயாத போர், பெருகிய மக்கள்தொகை என்று ஆய்வாளர்கள் பல காரணங்களைச் சொல்கிறார்கள். அரசர்கள் போனார்கள்; மக்கள் இடம்பெயர்ந்து வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அவர்களை உண்மையிலேயே அழிக்க முனைந்தது நம் காலத்தில் நடந்தது. 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் போயினர். அடையாளம் காணப்பட்டவர்களில் 83 விழுக்காட்டினர் மாயாக்கள் என்று 1999இல் வந்த உண்மை ஆணையத்தின் அறிக்கை கூறுகிறது. கிச்சே இனத்தைச் சேர்ந்த ரிகோபெர்த்தா மென்சூவுக்கு 1992இல் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது இந்தப் பின்னணியில்தான். ஆகவே மலைக் கிராமங்களில் வயதானவர்களிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால், போரைப் பற்றி வேடிக்கையாகக் கிளறாதீர்கள்.

இடிபாடுகளுக்கு வருகிறேன். திக்கால் ஒன்றைப் பார்த்தால் போதும் என்பது என் கருத்து. காட்டுக்குள் நடந்துகொண்டிருக்கும்போதே, சிங்கம் கர்ச்சிப்பதுபோல் ஊளைக்குரங்குகளின் ஓலம் கேட்கும். புதிதாகக் கேட்பவர் ஒரு கணம் நின்றுவிடுவார். எட்டாம் நூற்றாண்டில் எழுந்த நான்காம் கோயில் ஏறத்தாழ 65 மீட்டர் உயரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்த உயரம் என்னவென்று தெரியும். பெரிய கோயிலுக்கு இரண்டரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தையது இது. பக்கவாட்டு மரப்படிகளில் ஏறினால், காட்டின் பசுமைக்கு மேல் மற்றக் கோயில்களின் உச்சிகள் மட்டும் தலைநீட்டி நிற்பதைக் காணலாம். முற்றத்தில் நிற்கும் முதலாம் கோயிலின் மேல் ஏற அனுமதியில்லை. அதற்கு அடியில்தான், 695இல் பகைநகரான கலக்முல்லை வென்ற ஹசாவ் சான் காவீல் என்ற அரசர் புதைக்கப்பட்டார். அங்கே தூண்போல் எழுந்து நிற்கும் பெருமரங்களைக் காட்டி வழிகாட்டி ‘சேய்பா’ என்பார். நம் ஊரில் தலையணைக்குப் பஞ்சு தரும் இலவமரம்தான் அது. மாயாக்களுக்கோ வானுலகையும் பாதாளத்தையும் இணைக்கும் புனித மரம், இன்று அந்நாட்டின் தேசிய மரம்.

ஒரு நாளை சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தைக்கு ஒதுக்குங்கள். வியாழனும் ஞாயிறும் மட்டுமே சந்தை கூடும். சந்தை நடுவே உள்ள சாந்தோ தோமாஸ் தேவாலயத்தின் வாசற்படிகளில் மாயாப் பூசாரிகள் குங்கிலியம் போன்ற கோப்பல் பிசினைப் புகைத்து வழிபடுவார்கள். அந்தப் படிகளில் வெளியாட்கள் ஏறக் கூடாது; பக்கவாசல் வழியாகத்தான் போக வேண்டும்; உள்ளே படம் எடுக்கவே கூடாது. மனிதனை மக்காச்சோள மாவால் தெய்வங்கள் படைத்த கதையைச் சொல்லும் ‘போப்பொல் வூ’ என்னும் கிச்சே நூலை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ ஹிமேனஸ் என்ற துறவி படியெடுத்தது இந்த ஊரில்தான். அந்தப் படி இப்போது சிகாகோவில் உள்ள ஒரு நூலகத்தில் இருக்கிறது. ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கும் உரிமை கிச்சே மக்களுக்கு உண்டு.

புனித வாரத்தில் ஆன்டிகுவாவுக்குப் போவது நல்லதா?
– சிவாஜிநகர் வாசகி

புனித மரியன்னை பேராலயத் திருவிழாக் கூட்டத்துக்குப் பழகியவர் நீங்கள் என்பதால் தயங்காமல் போகச் சொல்வேன். சாயமேற்றிய மரத்தூள், பைன் ஊசியிலைகள், பூக்கள், காய்கனிகள் ஆகியவற்றால் தெருவை அடைத்து இரவெல்லாம் கம்பளம் வரைவார்கள். மார்கழிக் கோலத்தைக் கதிரவன் வந்து கலைப்பதற்குள் மாடு மிதித்துவிடுவதைப்போல, ஊதா அங்கி அணிந்தவர்கள் பெரிய மரத்தேரைத் தோளில் சுமந்து அதன்மேல் நடந்து போனதும் எல்லாம் தூளாகிவிடும். பெரிய வெள்ளியன்று பிற்பகலில் ஊதா மாறிக் கறுப்பாகும். மாதாவின் தேரைப் பெண்கள் சுமப்பார்கள். குவாத்தமாலாவின் புனித வாரக் கொண்டாட்டத்தை யுனெஸ்கோ 2022இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. விடுதி வாடகை அந்த வாரத்தில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யாவிட்டால் இடமே கிடைக்காது. கூட்டம் ஒவ்வாதென்றால், தவக்கால ஞாயிறுகளிலும் ஊர்வலங்கள் உண்டு; அவற்றைப் பார்க்கலாம்.

நண்பர்கள் நாங்கள் நந்தி மலையும் ஸ்கந்தகிரியும் ஏறியிருக்கிறோம். அக்கத்தெனாங்கோ எரிமலையில் ஏற எங்களால் முடியுமா?
– பெல்லந்தூர் வாசகர்

ஆன்டிகுவா நகரமே நந்தி மலையின் உச்சியைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. அக்கத்தெனாங்கோவின் உயரம் 3,976 மீட்டர். இரவு தங்கும் முகாம் ஏறத்தாழ 3,600 மீட்டரில் இருப்பதால், கால்வலியைவிட மூச்சுத் திணறலும் குளிரும்தான் பெரிய சோதனை. ஆன்டிகுவாவில் ஓரிரு நாள் தங்கி உடம்பைப் பழக்கிய பிறகு ஏறுங்கள். முகாமிலிருந்து எதிரே தெரியும் புவேகோ எரிமலை சீற்றத்தில் இருந்தால், இரவில் செந்தழல் சரிவில் வழிவதைப் பார்க்கலாம். அதற்காகத்தான் எல்லாரும் ஏறுகிறார்கள். எரிமலை யார் வசதிக்காகவும் சீறுவதில்லை, அடங்கிக் கிடக்கும் நாள்களும் உண்டு.

அதே புவேகோ 2018 ஜூன் 3 அன்று வெடித்தபோது, சான் மிகேல் லோஸ் லோத்தெஸ் என்ற கிராமம் கொதிக்கும் சாம்பலில் புதைந்தது. எனவே புவேகோவின் முகட்டுக்கே அழைத்துப் போகிறோம் என்று கூடுதல் பணம் கேட்கும் வழிகாட்டிகளின் பேச்சைக் கேட்காதீர்கள். 2017 ஜனவரியில் அக்கத்தெனாங்கோவிலேயே குளிர் தாங்காமல் மலையேறிகள் இறந்திருக்கிறார்கள். பெங்களூர் டிசம்பருக்குப் போடும் ஸ்வெட்டர் அங்கே செல்லாது. அந்நாட்டின் எரிமலைக் கண்காணிப்பு நிறுவனமான இன்சிவுமே நாள்தோறும் அறிக்கை வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். இத்தனைக்கும் தயாரில்லாதவர் குழுவில் இருந்தால், 2,552 மீட்டர் உயரமுள்ள பக்காயா அரைநாளில் முடிந்துவிடும். வாடகைக் குதிரையும் கிடைக்கும். எதுவாயினும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களே மலையேற ஏற்றவை.

சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?
– ஜெயநகர் வாசகி

வேண்டியிருக்காது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோல் நீக்கி அரைத்து, கையால் தட்டிச் சுடும் தோர்த்தியா, கறுப்புக் காராமணி போன்ற அவரை விதைக் குழம்பு, வெண்ணெய்ப்பழம், வறுத்த நேந்திரம் ஆகியவை எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். சிபிலின் என்ற கீரை சேர்த்த சிறு கொழுக்கட்டைகளைத் தேடிச் சாப்பிடுங்கள். கவனம் வேண்டியது மசித்த அவரையில்தான்: அதைப் பன்றிக் கொழுப்பில் தாளிக்கும் வழக்கம் பரவலாக உண்டு. வாழையிலையில் கட்டி வரும் தமால் என்ற மக்காச்சோள மாவுப் பண்டத்திலும் பெரும்பாலும் கொழுப்பும் இறைச்சியும் இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடக்கூடும். கோழி, மீன், கொழுப்பு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துப் போவதை நான் தடுக்க மாட்டேன்.

அங்கே ஏலக்காய்த் தோட்டங்கள் உண்டாமே?
– சிக்பேட்டை வாசகர், மளிகை மொத்த வியாபாரி

உண்டு என்ன, உலகச் சந்தையில் நமக்குப் பெரும் போட்டியே அவர்கள்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் ஆசியாவிலிருந்து கொண்டுபோய் நட்ட ஏலச்செடி, கோபானைச் சுற்றியுள்ள அல்தா வெராபாஸ் மலைகளின் ஈரத்தில் வேரூன்றிப் பரவியது. விளையும் இடத்தில் அதை யாரும் சமையலில் சேர்ப்பதில்லை. ஏறக்குறைய முழுவதும் ஏற்றுமதியாகி, பெரும்பகுதி அரபு நாடுகளின் காபிக்குப் போகிறது. தொழில்முறையாகப் பார்க்க விரும்பினால், கோபானில் தங்கி ஏலம் உலர்த்தும் கூடங்களைப் பார்க்கலாம்.

படிப்பை முடித்த என் மகள் தனியாகப் போக விரும்புகிறாள். அனுப்பலாமா?
– அல்சூர் வாசகி

தனியாகப் பயணம் செய்யும் பெண்களை ஆன்டிகுவாவிலும் ஏரிக்கரையிலும் நிறையவே பார்க்கலாம். அனுப்புங்கள், சில கட்டுப்பாடுகளுடன். இருட்டிய பிறகு சாலைப் பயணம் கூடாது. தலைநகரில் தங்க நேர்ந்தால் விமான நிலையத்தை ஒட்டிய 10, 13ஆம் மண்டலங்களே சரி. அமெரிக்கப் பள்ளிகள் கழித்துவிட்ட பேருந்துகளை வண்ணம் தீட்டி ஓட்டுவது பார்க்க அழகாக இருந்தாலும், ஊர்விட்டு ஊர் போகச் சுற்றுலா வேன்களே பாதுகாப்பானவை. ஏரிக்கரை ஊர்களுக்கு இடையிலான ஒற்றையடிப் பாதைகளில் வழிப்பறி நடந்திருப்பதால், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் நடக்க வேண்டாம். பெற்றோரைக் கேட்காமல் எந்தக் குழந்தையையும் படம் எடுக்கக் கூடாது. பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியால் வெளிநாட்டினர் தாக்கப்பட்ட நிகழ்ச்சிகள் உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்கான அரசின் உதவி எண் 1500.

சான் ஹுவான் லா லகுனாவில் பெண்களின் நெசவுக் கூட்டுறவுகள் இருக்கின்றன. தறியின் ஒரு முனையை மரத்திலும் மறுமுனையை இடுப்பிலும் கட்டிக்கொண்டு, இலையிலும் பட்டையிலும் சாயமெடுத்த நூலை நெய்வார்கள். மகள் ஒரு நாள் அங்கே உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். அவர்களிடமே வாங்கட்டும். ஆன்டிகுவா கடைகளில் குவிந்திருப்பவற்றில் பாதி இயந்திரத்தில் அச்சடித்த போலிகள்.

விசா, தடுப்பூசி விவரம் சொல்லுங்கள்.
– பலர்

குவாத்தமாலாவின் தூதரகம் புதுதில்லியில் உள்ளது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், பயணச்சீட்டு வாங்கும் முன் அங்கே எழுதிக் கேட்டுப் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டும்கூட அந்நாட்டு விசா கட்டாயம். ஐரோப்பா வழியாகப் போகிறவர்கள் இடைத்தங்கல் விசா வேண்டுமா என்பதை விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பயணத்தோடு பனாமாவையும் சேர்ப்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள் முன்னதாக அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் பனாமாவை விட்டுக் கிளம்பிய ஆறு நாள்களுக்குள் இந்தியாவில் வந்து இறங்கினால், விமான நிலையச் சுகாதார அதிகாரிகள் வீட்டுக்கு விடாமல் தனிமைப்படுத்தி வைக்கலாம்.