விசாவில் 2027, ஐ-94-இல் அடுத்த மார்ச்: எந்தத் தேதி செல்லும்?

அமெரிக்க விசாவில் 2027 என்றும், நுழையும்போது பதியப்படும் ஐ-94-இல் அடுத்த மார்ச் என்றும் இருக்கிறதா? ஐ-94 தேதிதான் செல்லும். எச்-1பி என்ற வேலை விசாவில் 2027 என்று இருந்தாலும், அது அமெரிக்க வாசலுக்கு வந்து நிற்பதற்கான அனுமதிதான். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி போடும் ஐ-94 பதிவே முடிவு செய்கிறது.

உங்களுக்குத் தேதி குறைந்ததற்குப் பெரும்பாலும் பாஸ்போர்ட்தான் காரணம். அது காலாவதியாகும் நாளோடு ஐ-94-ஐயும் நிறுத்திவிடுவார்கள். இப்போதே பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியையும் ஐ-94-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் காரணம் அதேதான்.

சரி, என்ன செய்யலாம்?

1. முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள். ஆனால் புதியது வந்தாலும் ஐ-94 தானாக நீளாது, இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

2. அப்புறம், மார்ச்சுக்குள் ஒருமுறை வெளிநாடு போய், புதிய பாஸ்போர்ட்டையும் விசா இருக்கும் பழையதையும் காட்டி நுழையுங்கள். போக முடியாதென்றால், அந்தத் தேதிக்கு முன்பே உங்கள் நிறுவனம் ஐ-129 என்ற படிவத்தில் நீட்டிப்பு மனு போட வேண்டும்.

திரும்பி வந்ததும் இணையத்தில் ஐ-94-ஐ எடுத்துத் தேதியைச் சரிபாருங்கள். கனடாவுக்குச் சின்னப் பயணம் போய்வந்தால் சில நேரம் பழைய ஐ-94-லேயே உள்ளே விட்டுவிடுவார்கள்; அப்போது தேதி மாறாது.

தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். தேதி தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் 3 ஆண்டு, ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆனால் 10 ஆண்டு நுழையத் தடை. ஏற்கெனவே நாட்டுக்குள் நீட்டிப்பு வாங்கியிருந்தால் கணக்கு மாறலாம். அந்த நீட்டிப்பின் ஒப்புதல் கடிதத்தோடு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.