அல்சைமர் நோயில் மூளையின் நோய் எதிர்ப்புச் செல்கள் நல்லது செய்கின்றனவா, கெடுதலா?

இரண்டும்தான். எப்போது எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இவற்றுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். 1919-இல் ஸ்பெயின் நாட்டவரான பியோ டெல் ரியோ ஒர்டேகா வைத்த பெயர். கரு வளரத் தொடங்கும்போதே மூளைக்குள் குடியேறி, அங்கேயே பெருகி வாழ்பவை. இவை ஓய்வாக இருப்பதே இல்லை. 2005-இல் உயிருள்ள எலியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மெல்லிய கிளைகளை நீட்டியும் மடக்கியும் அக்கம்பக்கத்தை ஓயாமல் தடவிக்கொண்டிருந்தன.

அல்சைமரில் அமிலாய்டு புரதம் திட்டுத்திட்டாகப் படியும்போது, இவை அதைச் சுற்றி வேலிபோல் நிற்கும், முடிந்தவரை விழுங்கும். அதற்கு ட்ரெம்2 என்ற ஏற்பி, அதாவது செல்லின் மேற்பரப்பில் இருந்து சுற்றுப்புறச் சைகைகளை உணரும் புரதம், வேண்டும். அந்த ஏற்பிக்கான மரபணுவில், அதன் வேலையைக் குறைக்கும் ஓர் அரிய மாற்றம் உள்ளவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2013-இல் தெரியவந்தது. காவல் தளர்ந்தால் ஆபத்து என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டாம்.

அப்புறம் மறுபக்கம். இந்தச் செல்கள் கிளர்ந்தெழுவதால் வரும் அழற்சி நீடித்தால், நரம்புச் செல்களுக்கிடையே உள்ள நல்ல இணைப்புகளையும் இவை விழுங்கிவிடுகின்றன. எலிகளில், திட்டுகள் படியும் முன்பே இது தொடங்குகிறது.

சரி, அழற்சியை அடக்கினால் போதாதா? அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரையான நாப்ராக்சன் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையில் அல்சைமர் தடுக்கப்படவில்லை. தயவுசெய்து அந்த நம்பிக்கையில் வலி மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.