சம்பளக் குறைவு: ஐந்து காரணம் சொன்னால் வழக்கு நிற்காது

சாட்ஸ்வொர்த் வாசகி ஒருவரின் நீண்ட கடிதம். சுருக்கம் இது: டர்பனில் ஒரு துணிக் கிடங்கில் 9 வருஷமாக ஸ்டாக் கணக்கு பார்க்கிறார்; மாதம் 16,500 ராண்ட். போன வருஷம் சேர்ந்த ஆணுக்கு இவர்தான் வேலை பழக்கினார், அவருக்கு 20,300. மேனேஜரைக் கேட்டதற்கு, "அவர் குடும்பஸ்தர், நாலு பேருக்குச் சோறு போடணும்" என்று பதில். வீட்டில் பட்டிமன்றமே நடக்கிறது. பெண் என்பதால்தான் என்கிறார் அக்கா. பேரம் பேசத் தெரியாததால் என்கிறார் கணவர். இரண்டு தடவை பிரசவ லீவு போட்டதால் என்கிறார் தம்பி. அந்த ஆளிடம் ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் இருக்கிறதே என்கிறார் மாமனார். அவர் மேனேஜருக்குச் சொந்தமாக இருக்கும் என்பது வாசகியின் சந்தேகம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சம்பளப் பட்டியலைத் திறந்து போனில் படமெடுத்து வைத்திருக்கிறாராம். "கரும்புத் தோட்டக் காலத்திலிருந்தே இதே கதைதானே, ஐயா?" என்று கேட்கிறார்.

கதை அதேதான், அம்மா. டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு 1860-இல் வந்த ஒப்பந்தக் கூலிகளில் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. ஆனால் வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.வின் கமிஷனர் அதைக் கேட்க உட்காரவில்லை. நீங்கள் வேலை பழக்கிய நன்றியை அந்த ஆள் மறந்ததும் அவருக்குத் தேவையில்லை.

தென்னாப்பிரிக்காவின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 6(4) பிரிவு, 2014 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. அது கேட்பது ஒன்றுதான்: ஒரே முதலாளியிடம் ஒரே வேலையோ, சம மதிப்புள்ள வேலையோ செய்யும் இருவருக்குச் சம்பளம் வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டுக்குக் காரணம் பாலினம் போன்ற, சட்டம் தடுத்த ஒன்றா? வேறுபாடு இருப்பது மட்டும் குற்றமில்லை.

உங்கள் வீட்டுப் பட்டிமன்றம் உங்களையே கவிழ்ப்பது இங்கேதான். பாலினம், கர்ப்பம், குடும்பப் பொறுப்பு எல்லாம் சட்டம் பெயர் சொல்லிக் குறித்த காரணங்கள். அவற்றில் ஒன்றை முன்வைத்து, அதற்கு அடிப்படையும் காட்டினால், பாகுபாடு இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. 'சொந்தக்காரர் என்பதால்' என்று எழுதினீர்களோ, அது பட்டியலில் இல்லை. நிரூபிக்கிற சுமை உங்கள் தலையில் வந்து விழும். எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் மனுவையே வாசித்து, "காரணம் பாலினம் இல்லை என்று இவரே சொல்கிறார்" என்று முடித்துவிடுவார். மேனேஜர் சொன்ன 'குடும்பஸ்தர்' என்ற ஒரு சொல்தான் உங்கள் கையில் இருக்கும் நல்ல சாட்சியம். என்றைக்கு, எங்கே, யார் முன்னால் சொன்னார் என்று இன்று இரவே எழுதி வையுங்கள்.

லைசென்ஸை மட்டும் லேசாக எடுக்காதீர்கள். தகுதி, அனுபவம், வேலைத்திறன், ஆள் கிடைக்காத திறமை இவற்றுக்காகக் கூடுதலாகக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. நிறுவனம் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அவர் வண்டியை ஓட்டுகிறாரா? ஓட்டுபவர் வண்டியை எடுக்குமுன் கையெழுத்திடும் சோதனைத் தாளில் அவர் பெயர் வருகிறதா? வரவில்லையென்றால் அந்த லைசென்ஸ் அவர் பர்ஸுக்குள்தான் இருக்கிறது.

இப்போது அந்தப் போட்டோ. கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது அதுதான். நியாயம் முழுக்கத் தங்கள் பக்கம் இருந்தும் இந்த ஒரு காரியத்தால் வேலையை இழந்து என்னிடம் வந்தவர்கள் உண்டு. உங்கள் சம்பளத்தைப் பற்றிச் சக ஊழியரிடம் பேச அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 78-ஆம் பிரிவு உரிமை தருகிறது. அவரே வாய்விட்டுத் தன் சம்பளத்தைச் சொன்னால் தாராளமாகப் பயன்படுத்தலாம். அனுமதியில்லாத கோப்பைத் திறப்பது வேறு. எல்லாருடைய சம்பளமும் வங்கிக் கணக்கும் அதில் இருக்கும். படத்தை, சி.சி.எம்.ஏ.வில் முதலில் நடக்கும் சமரசக் கூட்டத்தில் நீட்டினீர்களானால், மறுநாள் உங்கள் மேசையில் ஒழுங்கு விசாரணை நோட்டீஸ் இருக்கும். அப்புறம் பேச்சு உங்கள் 3,800 ராண்டைப் பற்றியதாக இருக்காது, உங்கள் நேர்மையைப் பற்றியதாக இருக்கும். பழிவாங்கல் என்று நீங்கள் வாதாடலாம்தான். ஆனால் வேலை போன பிறகு, வீட்டில் உட்கார்ந்துகொண்டு வாதாட வேண்டும்.

ஆகவே யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அக்காவுக்கும்கூட. பயந்துபோய் அழித்துவிடவும் வேண்டாம். பின்னால் தெரியவந்தால் மறைத்ததாகத் தோன்றும். போனோடு ஒரு வக்கீலிடம் நேரில் போங்கள். ஆவணங்களைச் சம்மன் அனுப்பி வரவழைக்கும் அதிகாரம் கமிஷனருக்கே உண்டு. திருட்டுத்தனமாக எடுக்கத் தேவையே இல்லை.

கோபத்தில் ராஜினாமாக் கடிதமும் கொடுத்துவிடாதீர்கள். 'வேலையில் இருக்கவே முடியாதபடி செய்துவிட்டார்கள்' என்று நிரூபிப்பது மலையேறுகிற வேலை. சம்பளக் குறைவு மட்டும் அதற்குப் போதாது.

என்னைக் கேட்டால், சமரசக் கூட்டத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதத்திலிருந்து சம்பளத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பின்பாக்கியில் ஒரு பகுதி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முழுப் பாக்கிக்காக மல்லுக்கட்டினால் காலம்தான் போகும். ஒப்பந்தத்தில் 'வேலையிலிருந்து விலகுகிறேன்' என்ற வரி ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஒத்துவராவிட்டால், உங்கள் ஆண்டுச் சம்பளம் 1,98,000. அது 2025 ஏப்ரலில் வைத்த சம்பள வரம்பான 2,61,748 ராண்டுக்குக் கீழே இருப்பதால், தொழிலாளர் நீதிமன்றச் செலவில்லாமல் சி.சி.எம்.ஏ.விலேயே தீர்ப்பு வாங்க முடியும்.

புகார் கொடுக்க ஆறு மாதம்தான். ஒவ்வொரு மாதச் சம்பளமும் புதுப் பாகுபாடு என்று வாதிட வழி இருக்கிறது, ஆனால் அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் 'பாலினம்' என்று எழுதுங்கள். மேனேஜரின் சொந்தபந்தம் அந்தத் தாளில் வரக் கூடாது.